கைக்கு அடங்காத குதிரைக்கு எந்தக் கடிவாளம்? வாசகர் கேள்வி – பதில்

குதிரையேற்றம் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கடிவாள வாரை இழுத்துக்கொண்டு ஓடும் குதிரையையும் அதற்குப் பொருத்தமான பிட்டையும் (கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் மாட்டும் இரும்பையும்) பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகள் என்பதால் அவற்றை ஒரே இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என்னுடையது எட்டு வயதான, காயடிக்கப்பட்ட ஆண் குதிரை. பயிற்சித் திடலில் சொன்னபடி கேட்கிறது. திறந்தவெளியில் மற்ற குதிரைகளோடு கேன்டர் (மிதமான பாய்ச்சல்) ஓட்டத்தில் போகும்போது மட்டும் தலையைத் தாழ்த்தி முன்னே நீட்டி, வாரைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடுகிறது. நிறுத்துவதற்குள் என் தோள்கள் ஓய்ந்துபோகின்றன. இப்போது போட்டிருப்பது ஒற்றை மூட்டு ஸ்னாஃபில், அதாவது நெம்புகோல் இல்லாத எளிய பிட். 'காக்' பிட் போட்டால் அடங்கிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இன்னும் வாங்க வேண்டாம். திடலிலும் வெளியிலும் குதிரையின் வாய் ஒன்றுதான், பிட்டும் ஒன்றுதான், உங்கள் கையும் ஒன்றுதான். அப்படியிருக்க ஓரிடத்தில் கேட்டு மற்றோரிடத்தில் கேட்காமல் போகிறதென்றால், மாறுவது அதன் மனநிலையும், வேகத்தில் அதன் உடல் சமநிலையும்தான். பிட்டை மாற்றுவதால் உதவி கிடைக்கலாம். ஆனால் எதை மாற்றுவது என்பதைக் குதிரை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது, எப்படி இழுக்கிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கடையில் பிட்டுகளை 'மென்மையானது', 'கடுமையானது' என்று வரிசைப்படுத்தி, அடங்காத குதிரைக்கு அடுத்த படியைக் கொடுப்பது பரவலான வழக்கம். அந்த வரிசையில் ஏறிக்கொண்டே போகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் அடுத்த படி இருக்காது. குதிரை மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

முதல் வேலை வாயைப் பார்ப்பது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. பிட் அமர்வது அங்கேதான். உதட்டின் ஓரமாகக் கட்டைவிரலை நுழைத்துக் கீழ்த்தாடையின் அந்த இடத்தை மெல்லத் தடவிப் பாருங்கள். மெல்லிய ஈறு, அதற்கு நேர் கீழே கத்தியின் முதுகுபோல் குறுகிய எலும்பு விளிம்பு, இரண்டுக்கும் நடுவில் சதை என்று சொல்ல எதுவும் இல்லை. இரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தடித்தோ மேடிட்டோ இருந்தால், விரல் பட்டதும் குதிரை தலையைச் சட்டென்று விலக்கினால், அங்கே பழைய காயமோ எலும்பு வளர்ச்சியோ இருக்கக்கூடும். கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சில குதிரைகளுக்குச் சிறிய பல் ஒன்று முளைத்திருக்கும். ஓநாய்ப் பல் என்பார்கள். ஈறுக்குள்ளேயே மறைந்திருந்தாலும் பிட் அதன்மீது உரசினால் வலிக்கும். கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கூர்மையாகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கிழிப்பதும் சாதாரணமாக நடப்பதே. இவற்றையெல்லாம் நாமே விரலால் கண்டுபிடித்துவிட முடியாது. கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து வைக்கும் கருவியோடும் விளக்கோடும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த குதிரையானால் இன்னும் அடிக்கடி பார்ப்பது நல்லது. ஏறத்தாழ இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது முடிவதற்குள் அதன் 24 பால்பற்களும் விழுந்து புதுப்பற்கள் முளைக்கின்றன.

வலி இருக்கும் குதிரை நின்றுவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால் குதிரை, ஆபத்து என்றால் ஓடிப் பிழைத்த உயிரினம். வாயில் வலித்தாலும், சேணம் தோளின் பின்புறத்தை அழுத்தினாலும், முதுகு பிடித்துக்கொண்டாலும், அது வலியிலிருந்து விலகி ஓடத்தான் பார்க்கும். நாம் இன்னும் பலமாக இழுப்போம்; அது இன்னும் வேகமாக ஓடும். கைக்கு அடங்காதவை என்று பெயரெடுத்த குதிரைகளில் பல உண்மையில் இந்தச் சுழலில் சிக்கியவை. சேணத்தையும் முதுகையும் பார்க்காமல் பிட்டை மாற்றுவது, கேள்வியைப் படிக்காமல் விடை எழுதுவதாகும்.

இவையெல்லாம் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது இழுக்கும் விதத்துக்கு வருவோம். உங்கள் குதிரை தலையைத் தாழ்த்தி முன்னே நீட்டுகிறது. எடையை முன்னங்கால்களில் போட்டுக்கொண்டு உங்கள் கைகளின்மேல் சாய்ந்துகொள்கிறது. இப்படிச் சாயும் குதிரைக்கு, சாய்வதற்கு வாகான, அசையாத இரும்பைக் கொடுக்கக் கூடாது. வளையம் தளர்வாகச் சுழலக்கூடிய லூஸ் ரிங் வகையில், இரண்டு மூட்டுகளும் நடுவில் உருண்டையான சிறு துண்டும் உள்ள ஸ்னாஃபிலை முதலில் போட்டுப் பார்க்கலாம். அது வாயில் சற்றே அசைந்துகொண்டே இருப்பதால் குதிரைக்கு ஊன்றிக்கொள்ள இடம் கிடைப்பதில்லை. ஒற்றை மூட்டு, இரு வார்களையும் சேர்த்து இழுக்கும்போது மடங்கி, நாக்கையும் தாடை விளிம்புகளையும் இரு பக்கமிருந்தும் நெருக்குகிறது. இரட்டை மூட்டில் அழுத்தம் நாக்கின்மேல் ஓரளவு பரவுகிறது. வாங்கும்போது நடுத்துண்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். உருண்டையான துண்டும், நாக்கின்மேல் படிந்து கிடக்கும்படி அமைந்த தட்டையான துண்டும் சாந்தமானவை. டாக்டர் பிரிஸ்டல் என்ற வகையிலோ தட்டு சாய்வாக அமைந்து, அதன் விளிம்பு நாக்கில் அழுந்தும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், மென்மையானது என்று நம்பிக் கடுமையானதை வாங்கி வந்துவிடுகிறவர்கள் உண்டு.

காக் பிட்டைப் பற்றிக் கேட்டீர்கள். வாரை இழுத்தால் அது வாயின் ஓரத்தை மேல்நோக்கி உயர்த்துகிறது. அதே கணத்தில் காதுகளுக்குப் பின்னால் உச்சந்தலையில் கீழ்நோக்கி அழுத்துகிறது. தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடும் குதிரையை நிமிரச் செய்ய அனுபவமுள்ள கைகளில் அது பயன்படும் என்பது உண்மை. அப்போதும் ஸ்னாஃபில் வளையத்தில் தனி வார் ஒன்றைப் பூட்டி, அதையே எப்போதும் பயன்படுத்தி, காக் வாரைத் தேவையான அந்தக் கணத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். காக் வாரை மட்டும் பிடித்துத் தொங்கினால் வாய் மேலே, தலை கீழே என்று இரு முரண்பட்ட கட்டளைகளைக் குதிரை இடைவிடாமல் சுமக்கிறது. இரண்டு வார்களைத் தனித்தனியாகக் கையாளப் பழகாதவர் அதை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கிடையே பயிற்சியை விட்டுவிடக் கூடாது. வெளியில் கேன்டர் போவதற்கு முன் நடையிலிருந்து ட்ராட் (துள்ளுநடை), ட்ராட்டிலிருந்து நடை, நடையிலிருந்து நிற்றல் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் உடலை நிமிர்த்தி மூச்சை விட்டு அமருங்கள். பிறகு வாரைப் பிடித்து, குதிரை இசைந்த அந்த நொடியிலேயே விடுங்கள். விடுவதுதான் குதிரைக்குப் பாடம். ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ எடையுள்ள விலங்கோடு இழுவைப் போட்டியில் எந்த மனிதரும் வெல்ல முடியாது. தொடர்ந்து இழுக்கும் கைக்கு அதன் வாய் மரத்துத்தான் போகும். முதலில் ஒரே ஒரு நிதானமான குதிரையோடு, அதற்குப் பின்னால், குறுகிய தூரம் போய்ப் பழக்குங்கள். கொட்டிலிலேயே நின்று தானியம் மிகுதியாகத் தின்னும் குதிரையானால், தீவனத்தைக் குறைத்து, வெளியில் திரியும் நேரத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: என் குதிரை தலையை வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. மேலே சொன்ன பிட் இதற்கும் பொருந்துமா?

பதில்: இழுக்கும் விதம் நேர்மாறானது என்பதால் தீர்வும் வேறு. தலை உயரும்போது பிட் தாடை விளிம்பிலிருந்து நழுவி வாயின் ஓரத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் வந்துவிடுகிறது. அதன்பின் நீங்கள் இழுப்பதெல்லாம் அதை இன்னும் மேலே தூக்குகிறது. ஆகவே காக் வகை இங்கே நிலைமையை மோசமாக்கும். முதுகையும் பற்களையும் இங்கே இரட்டிப்புக் கவனத்தோடு சோதிக்க வேண்டும், ஏனென்றால் தலையைத் தூக்குவது பெரும்பாலும் வலியின் மொழி. வலி இல்லை என்று உறுதியானால், ஓடும் மார்ட்டிங்கேல் (மார்புப் பக்கமிருந்து வந்து, நுனி வளையங்களின் வழியே வார்களைச் செல்லவிடும் பட்டை) ஒன்றைச் சரியான நீளத்தில் போட்டால், தலை அளவுக்கு மீறி உயரும்போது மட்டும் அது வாரைப் பிடித்து, பிட் தாடையின் மீதே செயல்படும்படி செய்யும். தலை இயல்பான உயரத்தில் இருக்கும்போது வார் நேர்கோட்டில் இல்லாமல் கீழ்நோக்கி மடங்கினால் மார்ட்டிங்கேல் குட்டையாக இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: பெல்ஹம் பிட்டில் (பக்கப்பட்டைகள் நெம்புகோலாகச் செயல்படும் வகை) இரண்டு வார்கள் எனக்குச் சிக்கலாக இருப்பதால் கீழ் வளையத்தில் ஒரே வாரை மாட்டி ஓட்டுகிறேன். குதிரை உடனே நிற்கிறது. இதில் தவறு உண்டா?

பதில்: உடனே நிற்பதற்கான காரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். வாயிரும்புக்கு மேலே பக்கப்பட்டை 5 செ.மீ., கீழே 10 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் வளையத்தில் நீங்கள் 2 கிலோ அளவு விசை கொடுத்தால், நெம்புகோல் விதிப்படி, மோவாய்க்கு அடியில் செல்லும் தாடைச் சங்கிலியில் அது 4 கிலோவாகிறது. வாயிரும்போ இரண்டின் கூட்டலான 6 கிலோவைத் தாடைமேல் அழுத்துகிறது. தலைப்பட்டை ஏற்கும் பங்கைச் சேர்க்காத எளிய கணக்கு இது. சாதாரண ஸ்னாஃபிலில் அதே 2 கிலோ, 2 கிலோவாகவே வாயைச் சேரும். உங்கள் கை அறியாமல் ஒருமுறை குலுங்கினாலும் குதிரைக்கு அது மும்மடங்காகச் சேருகிறது. தடுக்கி விழப்போகும் நேரத்தில் நீங்கள் வாரைப் பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். சர்வதேச டிரெஸாஜ் போட்டி (குதிரையின் பயிற்சி நேர்த்தியைச் சோதிக்கும் போட்டி) விதிகள், நெம்புகோல் வகையான கர்ப் பிட்டின் கீழ்ப் பட்டைக்கு 10 செ.மீ. உச்ச வரம்பு வைத்திருப்பதும் இந்த நெம்புகோலை எல்லைக்குள் வைப்பதற்காகத்தான்.

ஆகவே இரண்டு வார்களோடு பழகுங்கள். மேல் வார் வழக்கமான ஓட்டத்துக்கு, கீழ் வார் தேவைப்படும்போது மட்டும். பழகும் வரை ஸ்னாஃபிலிலேயே இருங்கள். தாடைச் சங்கிலியைத் திருகி, கண்ணிகள் தட்டையாகப் படியும்படி மாட்ட வேண்டும்; கீழ்ப் பட்டை ஏறத்தாழ 45 பாகை பின்னுக்குச் சாயும்போது அது தாடைக் குழியைத் தொட வேண்டும். அதற்கு முன்பே தொட்டால் இறுக்கம். தொடவே இல்லையென்றால் பிட் வாய்க்குள் புரண்டுவிடும். குதிரை மோவாயை மார்போடு மடக்கிக்கொள்ளத் தொடங்கினால், அது கீழ்ப்படிவு என்று நினைத்துவிடாதீர்கள். பிட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அந்த நிலையிலும் அதனால் ஓட முடியும்.

கேள்வி: தடித்த பிட் மென்மையானது என்று கேட்டு, இருப்பதிலேயே தடித்ததை வாங்கினேன். அதைப் போட்டதிலிருந்து குதிரை வாயைத் திறந்தபடியே ஓடுகிறது. ஏன்?

பதில்: தடித்த இரும்பு அழுத்தத்தை அதிகப் பரப்பில் பரப்புகிறது என்பது சரி. ஆனால் குதிரையின் வாய் மூடியிருக்கும்போது உள்ளே காலியிடம் இல்லை. நாக்கே அதை நிரப்பி அண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே தடித்த இரும்பைச் செருகினால் நாக்கு ஒதுங்க வழியில்லாமல் வாய் திறக்கும். நாக்கு பருத்து, அண்ணம் தாழ்ந்திருக்கும் குதிரைகளுக்கு நடுத்தரத் தடிமனே நிம்மதி தரும். சர்வதேச டிரெஸாஜ் விதிகள் குதிரைக்கான ஸ்னாஃபிலுக்கு 14 மி.மீ., போனிக்கு (சிறிய இனக் குதிரைக்கு) 10 மி.மீ. எனக் குறைந்தபட்சத் தடிமனை மட்டுமே வரையறுக்கின்றன. அதற்கு மேல் எது பொருந்தும் என்பதை அந்தந்த வாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அகலத்தையும் பாருங்கள். பிட்டை வாயில் நேராக நீட்டிப் பிடித்தால் லூஸ் ரிங் வகையில் இரு பக்கமும் சுமார் அரை செ.மீ. வெளியே தெரிய வேண்டும். இல்லையென்றால் வளையம் சுழலும் துளையில் உதட்டின் தோல் சிக்கும். முட்டை வடிவ மூட்டுள்ள எக்பட் வகையில் அந்தத் தொல்லை இல்லை என்பதால் சற்று நெருக்கமாக இருக்கலாம். மிக அகலமானது பக்கவாட்டில் நழுவி, மூட்டு நடுவிலிருந்து விலகிப்போகும். உதட்டோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கங்கள் விழும் உயரத்தில் மாட்ட வேண்டும் என்பது பழைய விதி. தொடங்குவதற்கு அது போதும். ஆனால் உதட்டின் சதை குதிரைக்குக் குதிரை வேறுபடுவதால், உதட்டை விலக்கி, இரும்பு கோரைப்பல்லையும் தொடாமல் கடைவாய்ப் பல்லையும் தொடாமல் நிற்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே நம்பகமானது.

கேள்வி: வாயைத் திறக்காமலிருக்க மூக்குப்பட்டையை நன்றாக இறுக்கிவிட்டேன். இப்போது பிடிக்குள் இருக்கிறது. வாயில் இரத்தமும் இல்லை. இப்படியே தொடரலாமா?

பதில்: தளர்த்திவிடுங்கள், இன்றைக்கே. வாயைத் திறப்பது குதிரை உங்களுக்குச் சொல்லும் செய்தி. பட்டையை இறுக்குவதால் செய்தி நின்றுபோகிறது, காரணம் உள்ளேயே இருக்கிறது. மூக்கெலும்பின் நடுவில், பட்டைக்கு அடியில், வளர்ந்தவரின் இரண்டு விரல்கள் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். கன்னத்தின் ஓரத்தில் வைத்துப் பார்ப்பது ஏமாற்றும், அங்கே எப்போதும் இடம் இருப்பதுபோல் தோன்றும்.

இரத்தம் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஃபின்லாந்தில் பந்தயம் முடிந்த 261 ட்ராட் ஓட்டக் குதிரைகளின் வாயை ஆய்வாளர்கள் சோதித்து, 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிட் படும் பகுதியில் புதிய காயங்கள் 84 விழுக்காட்டுக் குதிரைகளில் இருந்தன. ஆனால் வாய்க்கு வெளியே இரத்தம் தெரிந்தது மிகச் சிலவற்றில் மட்டும்தான். அவை வண்டி இழுத்து ஓடும் பந்தயக் குதிரைகள், உங்களுடையது ஏறிச் செல்லும் குதிரை என்றாலும், வெளியிலிருந்து பார்த்து உள்ளே நலம் என்று சொல்லிவிட முடியாது என்பது இரண்டுக்கும் பொருந்தும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிட்டைக் கழற்றியவுடன் உதட்டோரத்தின் உட்புறத்தையும் தாடை விளிம்பையும் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய பிட் போட்டதும் பத்து நாட்கள் அற்புதமாகக் கேட்டது; இப்போது பழையபடி இழுக்கிறது. பிட் கெட்டுவிட்டதா?

பதில்: பிட் கெடவில்லை. புதிய பொருளின் புதிய அழுத்தத்தைக் குதிரை முதலில் எச்சரிக்கையோடு கவனிக்கிறது. கை பழைய கையாகவே இருந்தால், சில நாட்களில் அதையும் தாங்கப் பழகிவிடுகிறது. எந்த பிட்டையும் முதல் ஓட்டத்தை வைத்து மெச்ச வேண்டாம். மூன்றாவது வாரத்தில் அது எப்படி இருக்கிறது என்பதே தீர்ப்பு. சோதிக்கும்போது பிட்டை மட்டும் மாற்றுங்கள். அதே வாரத்தில் மூக்குப்பட்டையையும் மார்ட்டிங்கேலையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. முதல் ஓட்டம் வேலியடைத்த திடலில், நடையில், இரு திசைகளிலும் இருக்கட்டும். நன்மைக்கு அடையாளம் குதிரை நிற்பது மட்டுமல்ல: கழுத்து தளர்ந்திருக்கிறதா, வாய் மூடியபடி மெல்ல மெல்லுகிறதா, உதட்டில் இலேசான ஈரம் இருக்கிறதா, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரேபோல் திரும்புகிறதா என்று பாருங்கள். பல்லைக் கடிப்பது, நாக்கை பிட்டுக்கு மேலே கொண்டுவருவது, வாலைச் சுழற்றுவது ஆகியவை, அது நின்றாலும், பிட் பொருந்தவில்லை என்பதற்கான சாட்சிகள்.

கேள்வி: ரப்பர் பிட், தாமிர பிட் எது நல்லது?

பதில்: தாமிரம் கலந்தவற்றைச் சில குதிரைகள் விரும்பி மெல்லும், எச்சில் ஊறும், ஆனால் தாமிரம் மென்மையான உலோகம், விளிம்பில் பிசிறு எழுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ரப்பரைக் கடித்துத் துண்டாக்கும் குதிரைக்கு அது ஏற்றதல்ல. இழுக்கும் பழக்கத்தை உலோகத்தின் வகை மாற்றாது.

கேள்வி: இப்போது கட்டுமீறி ஓடினால், அந்த நேரத்தில் என்ன செய்வது?

பதில்: பின்னால் சாய்ந்து இரண்டு வார்களிலும் தொங்காதீர்கள், குதிரைக்குச் சாய்ந்துகொள்ள அதுவே தூணாகிவிடும். ஒரு கையைப் பிடரி மயிரோடு சேர்த்துக் கழுத்தில் அழுத்தி ஊன்றி, அந்த வாரைக் குட்டையாக நிலையாக வையுங்கள். மறு கையால் மேலும் பின்னுமாக இழுத்து உடனே விடுங்கள், மீண்டும் இழுத்து விடுங்கள். உடல் நிமிர்ந்து, குதிகால் கீழே இருக்கட்டும். இடம் விசாலமாக இருந்தால் பெரிய வட்டத்தில் திருப்பி, வேகம் குறையக் குறைய வட்டத்தைச் சுருக்குங்கள். நாலுகால் பாய்ச்சலில் தலையை ஒரே பக்கம் வெட்டியிழுத்தால் குதிரை கால் இடறி விழக்கூடும்.

கேள்வி: பிட்டே இல்லாத ஹேக்கமோர் போட்டால் எல்லாச் சிக்கலும் தீருமல்லவா?

பதில்: வாயில் காயம் ஆறும் காலத்திலும், பிட்டை எந்த வடிவிலும் ஏற்காத குதிரைக்கும் அது நல்ல வழி. ஆனால் நீண்ட பக்கப்பட்டைகளும் சங்கிலியும் உள்ள இயந்திர வகை, பெல்ஹமைப் போலவே நெம்புகோல்தான். அழுத்தம் வாயிலிருந்து மூக்குக்கும் தாடைக்கும் இடம் மாறுகிறது, அவ்வளவே. மூக்கெலும்பின் கீழ் நுனி மெல்லியது. பட்டை அங்கே இறங்கினால் எலும்புக்கும் ஆபத்து, மூச்சும் தடைபடும். ஆகவே எலும்பு உறுதியாக இருக்கும் மேற்பகுதியில், நாசித் துளைகளை விட்டு நன்றாக மேலே அதை மாட்டுங்கள். திரும்பும் கட்டளைகளை அது துல்லியமாகச் சொல்லாது என்பதால், கால்களாலும் உடல் எடையாலும் குதிரையைத் திருப்பும் பழக்கம் முதலில் திடலில் வந்திருக்க வேண்டும். அது வந்த பிறகே திறந்தவெளிக்குக் கொண்டு செல்லுங்கள்.